டுரோசின்மியின் பதினான்கு உடைகள்

சட்டைக்குக் கஞ்சி போடும் வேலையை நான் வேறு யாரிடமும் விட்டதில்லை. மரவள்ளி மாவைக் கெட்டியாகக் காய்ச்சினால் காலர் விறைத்துக் கழுத்தை அறுக்கும். நீர்த்துப்போனால் பத்து மணிக்குள் துவண்டுவிடும். அபெயோகுட்டா வழக்குமன்றத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பதிவாளராக இருந்தேன். சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு பைபிளையோ குர்ஆனையோ, பழைய தெய்வத்துக்காரர்களாக இருந்தால் இரும்புத் துண்டையோ எடுத்துக் கொடுப்பது என் வேலை. அத்தனை வருஷமும் என் காலர் ஒரு நாளும் துவண்டதில்லை. நீ உள்ளே வரும்போது கொடியில் பார்த்தவை என் சட்டைகள்தான், எபுன். காயட்டும். நீ உட்கார்.

நீ கேட்க வந்தது ஒரே கேள்வி. ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை மதியம் என் தொலைபேசி ஏன் அணைந்து கிடந்தது என்று. ஊருக்குச் சொன்ன பதில் உனக்குத் தெரியும். சார்ஜ் தீர்ந்துவிட்டது. இன்று என் மனைவி சந்தைக்குப் போயிருக்கிறாள். சின்னவள் அபிகே புருஷன் வீட்டில் இருக்கிறாள். நீ என் மூத்த மகளோடு ஆறு வருஷம் ஒரே மேஜையில் துணி வெட்டியவள். உனக்குச் சொல்வதில் முறைகேடு இல்லை. வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் அழாதே.

முதலில் நோய். ரத்த அணுக்கள் வட்டமாக இல்லாமல் அரிவாள்போல வளைந்து, குழாய்களில் சிக்கிக்கொண்டு, எலும்புக்குள் வலியைக் கொண்டுவரும் நோய். தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி சேர்ந்தால்தான் அது முழுசாகும். எங்கள் கல்யாணக் காலத்தில் யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. முதல் இரண்டு குழந்தைகளும் வருஷம் திரும்புமுன் போய்விட்டன. பிறந்து பிறந்து போகிற குழந்தையைப் பெயரால் கட்டிப்போடுவது எங்கள் வழக்கம். மூன்றாவதாக வந்தவளுக்கு நான் டுரோசின்மி என்று வைத்தேன். 'நில், நின்று என்னைப் புதைத்துவிட்டுப் போ' என்று அர்த்தம்.

அவள் நின்றாள். இருபத்தொன்பது வருஷம் நின்றாள். வலி வரும் நாட்களில் அவள் கால்களை என் மடியில் போட்டு ஷியா வெண்ணெய் தேய்த்துவிடுவேன். அவளுடைய ரத்த வகை இந்த ஊரில் அரிது. எனக்கும் அதே வகை. ஏழு முறை கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசல் காவலாளி முதல் மூத்த நர்ஸ் வரை என்னை 'டுரோ அப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரும் அப்படித்தான். மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் இங்கே பெற்றவர்களைக் கூப்பிடுகிறோம். என் மனைவியின் சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். அவள் டுரோ அம்மா.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் அவளை நேசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நீ எழுந்து போய்விடக் கூடாது.

வெளியே யாருக்கும் நாங்கள் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் மலேரியா என்று எழுதிக் கொடுத்தேன். இடது கணுக்காலில் ஆறாத புண் ஒன்று அவளுக்குப் பதினான்கு வயதிலிருந்து இருந்தது. அது தெரியாமல் தரை வரைக்கும் இடுப்புத்துணி கட்டப் பழக்கினோம். நோயுள்ள வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். அபிகேக்குச் சோதனை செய்து பார்த்தோம். அவள் தாள் சுத்தம். ஆனால் தாளைப் பார்த்து யாரும் சம்பந்தம் பேசுவதில்லை. வீட்டைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

அக்டோபரில் உங்கள் உடை அரங்கேற்றம். டுரோ அழைத்தாள். லேகோஸ் வரை வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். 'நிற்பவள்' என்று பெயர் வைத்திருந்தாள். கையில் கொடுத்த தாளில் அவள் எழுதியிருந்தது எனக்கு இன்னும் மனப்பாடம். 'அகன்ற இடுப்பு, நிறைந்த மார்பு, முதுகில் ஒரு பிள்ளை என்று எங்களை அளந்தார்கள். அந்த அளவுக்குள் வராதவர்களுக்குத் தைத்தவை இவை.'

பதினான்கு உடைகள். நான் எண்ணினேன். எல்லாம் நம் ஊர் நீலச் சாயத் துணி. ஆனால் பூவும் பறவையும் வரைய வேண்டிய இடத்தில் வளைந்த அரிவாள்கள். கையைத் தூக்க முடியாதவள் ஒரு கையாலேயே வைத்துக்கொள்ளும்படி தலைக்கட்டு. வீங்கிய விரலாலும் திறக்கக்கூடிய பெரிய மரப் பொத்தான். அறுவையில் ஒரு பக்க மார்பை இழந்த அம்மாள் ஒருத்தி, இழந்த பக்கத்தில் துணியைப் பொய்யாகப் புடைக்க வைக்காமல், தட்டையாகவே விட்ட ரவிக்கையில் நிமிர்ந்து நடந்தாள். ஆண்கள் போடும் அக்பாடா மேலங்கியைப் பெண்ணுக்கு வெட்டி, இடுப்புக்கு உள்பக்கம் சுடுநீர்ப் பை வைக்கப் பை தைத்திருந்தாள். அதை மட்டும் நான் மெச்சினேன். நல்ல யோசனை.

எனக்கு முன் வரிசையில் இரண்டு பெண்கள்.

"இதைப் போட்டுக்கிட்டு நின்னா என் புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவான்டி," என்றாள் ஒருத்தி.

"போடட்டுமே. முப்பது வருஷமா இடுப்பு வலிக்குதுன்னு கத்துறேன். யாரு போட்டா?" என்றாள் மற்றவள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் இரண்டாமவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பதினான்காவது மணப்பெண் உடை. அதில் டுரோவே வந்தாள். துணி முழங்காலோடு நின்றுவிட்டது. புண் வெளியே தெரிந்தது. பெண்கள் உள்ளே இடுப்பில், கட்டிய புருஷனுக்கு மட்டும் தெரியும்படி கட்டும் பாசிமணியை அவள் அந்தப் புண்ணுக்கு மேலே, கணுக்காலில் கட்டியிருந்தாள். கூட்டம் எழுந்து நின்றது. நானும் எழுந்தேன். நீ திரைக்குப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாய். கைதட்ட எழுந்ததாக நினைத்திருப்பாய். நான் வாசலைத் தேடித்தான் எழுந்தேன்.

அடுத்த வாரமே செய்தித்தாளில் படம் வந்தது. கீழே நோயின் பெயர். அதற்கும் கீழே எங்கள் குடும்பப் பெயர், அகின்டாயோ. அப்போது அபிகேக்கு இஜெபுவிலிருந்து ஒடுசன்யா வீட்டு வரன் பேசி முடியும் நிலையில் இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மரியாதையாகத்தான் கேட்டார்.

"பேப்பர்ல ஒரு பொண்ணைப் பார்த்தோம். உங்க பேரு போட்டிருக்கே. உங்களுக்கு வேண்டியவங்களா?"

"எங்க சித்தப்பா மகன் அடிசா, செத்துப்போயிட்டான். அவன் பொண்ணு," என்றேன். "நாங்க எடுத்து வளர்த்தோம். பேரும் எங்க பேருதான்."

இதில் யாரும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சொந்தத்தில் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்காத வீடு எது? என் தம்பி லாடிப்போவையும் மற்றவர்களையும் கூட்டி உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். கல்யாணம் முடியும்வரை இந்த வீட்டில் டுரோ அம்மா என்று யாரும் இல்லை, அபிகே அம்மாதான் என்றேன். என் மனைவி இரண்டு நாள் எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் புதுப் பெயருக்கு 'ம்' என்றாள்.

பிறகு டுரோவை வரவழைத்தேன். மறைமுகமாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

"உன் தங்கச்சிக்காகத்தான்," என்றேன். "கல்யாணம் முடியட்டும். அப்புறம் எல்லாம் பழையபடி."

"அப்போ நான் யாரு பொண்ணு?"

"அடிசா பொண்ணு."

"நான் அவரைப் பார்த்ததே இல்லையே. நல்லவரா?"

"நல்லவன்தான்."

"ரத்தம் குடுப்பாரா?"

கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். பிறகு எழுந்து, எங்கள் பெண்கள் பெரியவர்களுக்குச் செய்வதுபோல இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றினாள். மூட்டு வலிக்காரி. சின்ன வயதிலிருந்தே அவளை நான் மண்டியிட விட்டதில்லை.

"சரிங்க பெரியப்பா," என்றாள்.

அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் நான் யோசித்திருப்பேனோ என்று சில சமயம் நினைப்பதுண்டு. அவள் எதிர்க்கவில்லை. ஆகவே அவளுக்கும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இரு வீட்டாரும் முறைப்படி ஒருவரை ஒருவர் அறியும் நாள் ஜனவரியில் குறித்தோம். அன்று பெண் வீட்டார் அறுபது பேரும் ஒரே துணியில் நிற்க வேண்டும். அந்தக் குடும்பத் துணியை நானே செய்கிறேன் என்று டுரோ தன் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். 'துணியாவது என்னோடதா இருக்கட்டும்மா' என்றாளாம். ஹர்மட்டான் காற்று புழுதியும் குளிருமாக அடிக்கும் மாதம் அது. அந்தக் குளிரில் சாயத் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டு அறுபது பேருக்கும் முக்கி எடுத்தாள். குளிர் அவளுக்கு ஆகாது. நீ தடுத்ததாகவும் அவள் கேட்கவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். கடைசியாக முடித்தது என் அக்பாடா. வெள்ளி மாலை ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். அவள் வரவில்லை. வளர்ப்புப் பெண் வராவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒடுசன்யா வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையும் தோழர்களும் எங்கள் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். எங்கள் பக்கத்துக்காக வாயாடுவதற்கென்று அமர்த்திய அம்மாள் அவர்களைச் சுலபத்தில் விடவில்லை.

"இதுக்குப் பேரு விழறதா? முதுகுல என்னய்யா, இரும்புக் கம்பியா? வயிறு தரையைத் தொடணும்! எங்க பொண்ணு என்ன தெருவுல கிடந்தவளா? இன்னொரு தடவை!"

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது என் அக்பாடாவின் பைக்குள் தொலைபேசி அடித்தது. மணி பதினொன்று நாற்பது.

"அட, பாருங்க! பொண்ணோட அப்பாவுக்கு இன்னொரு வீட்டுலேர்ந்து அழைப்பு!" என்று அந்த அம்மாள் ஒலிபெருக்கியில் சொன்னாள். "எடுங்க ஐயா. சின்ன வீடு கோவிச்சுக்கப் போகுது!"

நீதான் கூப்பிட்டாய்.

"அப்பா, டுரோ விழுந்துட்டா. மூச்சு விட முடியலை. அவ ரத்தம் இங்க இல்லைங்கறாங்க. லேகோஸுக்கு ஆள் அனுப்பட்டுமா, இல்லை நீங்க வர்றீங்களான்னு டாக்டர் கேக்கறார்."

"வர்றேன்," என்றேன்.

நூற்றிருபது பேர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சை முடிக்க அதைவிடச் சின்ன வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வார்த்தையை நம்பித்தான் நீங்கள் லேகோஸுக்கு ஆள் அனுப்பவில்லை. அதை நான் பிறகு தெரிந்துகொண்டதாக ஊரில் சொல்லியிருக்கிறேன். சொன்ன அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும்.

பன்னிரண்டரைக்கு மூத்த நர்ஸ் கூப்பிட்டாள். அப்போது சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"டுரோ அப்பா, எங்க இருக்கீங்க?"

"வழியில."

இந்த நாட்டில் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கிறவனும் வழியில் இருக்கிறேன் என்றுதான் சொல்வான். யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒடுசன்யா என் பக்கம் சாய்ந்தார். "ஏதாவது பிரச்சினையா சம்பந்தி?"

"நாங்க வளர்த்த பொண்ணு. உடம்பு சரியில்லையாம். ரத்தம் கேக்கறாங்க."

"பேப்பர்ல வந்த பொண்ணா?"

"ஆமா."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கிண்ணத்துத் தண்ணீரில் கழுவினார். குரலைத் தாழ்த்தினார். "என் கூடப் பிறந்தவ ஒருத்தி இதே நோய்லதான் போனா. பதினாறு வயசு. எங்கப்பா வெளிய மூச்சுவிடக்கூடாதுன்னுட்டார். அந்தப் படத்தைப் பார்த்துட்டு என் சம்சாரம் ராத்திரியெல்லாம் அழுதா, தெரியுமா? எழுந்திருங்க. சோறு எங்கயும் ஓடிடாது. என் வண்டி வாசல்லயே நிக்குது, நானும் வர்றேன்."

இந்த இடத்தை நீ கவனமாகக் கேட்க வேண்டும், எபுன். எதற்குப் பயந்து நான் அந்தப் பொய்த் தகப்பனை உண்டாக்கினேனோ, அந்தப் பயம் அப்போது தீர்ந்துபோயிற்று. அவர்களுக்கு நோய் ஒரு பொருட்டே இல்லை. நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவரும் கூட வருவார். வாசலில் காவலாளி 'வாங்க டுரோ அப்பா' என்பான். நர்ஸ் சொல்வாள். சீட்டில் என் பெயர் இருக்கும். அவள் கண்ணைத் திறந்தால் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று எனக்கு நிச்சயமில்லை. எப்படியிருந்தாலும், நோயாளிப் பெண்ணைப் பெற்றவன் என்பது போய், பெற்ற பெண்ணை இல்லை என்று சொன்னவன் என்றாகிவிடும். முந்தையதை மனிதர்கள் மன்னிப்பார்கள். பிந்தையதை அவர் தம் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

"வேண்டாம்," என்றேன். "அவ சொந்தக்காரங்க போயிருக்காங்க. இது அவளுக்கு அடிக்கடி வர்றதுதான். நீங்க சாப்பிடுங்க."

மூன்றாம் முறை அது பைக்குள் துடித்தபோது எடுக்காமலே அணைத்தேன். பிறகு நீ பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறாய். மறுநாள் திறந்தபோது வந்து விழுந்த குறுஞ்செய்திகளில் பார்த்தேன். என் மனைவி இறைச்சித் தட்டோடு வந்தாள்.

"யாரு போன்ல?"

"கோர்ட்டு ஆளு. பழைய கோப்பு ஒண்ணு கேக்கறான்."

"டுரோ ஏதும் பேசினாளா? காலையிலேர்ந்து மனசே சரியில்லை."

"வேலையா இருப்பா. போ, தட்டுல குழம்பு இல்லாம உட்கார்ந்திருக்காங்க."

இடித்த யாம் கிழங்கும் எகுசிக் குழம்பும். வழக்கத்தைவிட ஒரு உருண்டை அதிகமாகவே சாப்பிட்டேன். பெண்ணைப் பெற்றவன் தட்டைத் தள்ளினால் வந்தவர்கள் குறையாக நினைப்பார்கள். லேகோஸிலிருந்து ரத்தம் வர இரண்டரை மணி நேரம் ஆகும். நான் வரவில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டேகாலுக்கு வந்து சேர்ந்திருக்கும். இதைச் சாப்பிடும்போதே யோசித்தேன். ஒன்றரை மணிக்குச் சொன்னாலும் நாலு மணிக்கு வந்துவிடும் என்று யோசித்தேன். பிறகு பழம் வந்தது. பெரியவர்கள் கோலாக்கொட்டையை உடைத்து வாழ்த்தினார்கள். அதற்கு நடுவில் எழுந்திருப்பது முறையல்ல.

அவள் நாலு இருபதுக்குப் போனாள். சம்பந்திகள் மூன்றரைக்கே விடைபெற்றிருந்தார்கள். விழா ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

திங்கட்கிழமை அடக்கம். நீ அவளுக்கு அந்தப் பதினான்காவது உடையை உடுத்தியிருந்தாய். அது உன் விருப்பம், நான் எதுவும் சொல்லவில்லை. குழியருகே என்னைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது. நியாயம்தான். தன் பிள்ளையின் குழியை எங்களில் தகப்பன் பார்க்கக் கூடாது. தாயும் பார்க்கக் கூடாது. எங்கே வைத்தார்கள் என்பதே பெற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. பிள்ளைதான் நம்மைப் புதைக்க வேண்டும். முறை தலைகீழாகப் போனால், பெற்றவர்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

காலையில் ஒடுசன்யா துக்கம் கேட்கத் தம் மனைவியோடு வந்துவிட்டார். வளர்த்த பெண் அல்லவா, சேர்ந்தே போகலாம் என்றார். நான் போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். அது அவருக்கும் தெரிந்துவிடும். என் மனைவி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மலேரியா என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன். வாசலில் லாடிப்போ குறுக்கே நின்றான்.

"அண்ணே, வேண்டாம். எது வேணா செய்யுங்க, இதைச் செய்யாதீங்க. நான் உங்க காலைப் பிடிக்கிறேன்."

சம்பந்தி வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தம்பியின் கையை எடுத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினேன். குழியில் மூன்று முறை மண் தள்ளினேன். சம்பந்தி அம்மாள் பிறகு யாரிடமோ பெருமையாகச் சொன்னாளாம், பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோலச் செய்தார் என்று.

ஈஸ்டருக்கு அபிகேயின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இனி எல்லோரும் பழையபடி கூப்பிடலாம் என்று வீட்டில் சொன்னேன். டுரோ அம்மா என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. அபிகே அம்மா என்றால் அவள் திரும்புவதில்லை. இப்போது அவளை யாரும் எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை.

அவ்வளவுதான். நீ கேட்டதற்குப் பதில் இது. தொலைபேசியில் சார்ஜ் இருந்தது. எழுபது சதவீதத்துக்கு மேல் இருந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒளித்துவிட்டேன் என்று பின்னால் நீ சொல்லக் கூடாது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. என் மனைவி எழுந்து வந்து அதைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க வெச்சீங்க?" என்றாள். "பெரிய மரத்தடியிலயா, சுவர் ஓரமாவா? குளிர் அடிக்காத இடமா?"

தினமும் அதையேதான் கேட்கிறாள். இன்று சந்தைக்குக் கிளம்புமுன்னும் கேட்டாள். பெற்றவளிடம் அதைச் சொல்லக் கூடாது. பெற்றவனுக்கும் அது தெரிந்திருக்கக் கூடாது. ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லி வருகிறேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.